இல்லறத்தார்க்கு ஓய்வு அறமாகுமா?

உழைப்பின் பெருமையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஓய்வைப் பற்றிப் பேச நேரும்போது மட்டும் நம் குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது. நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்றால் உடனே ஒப்புக்கொள்கிறோம். முதியவர்க்கும் பணி நிறைவு பெற்றவர்க்கும் வேண்டும் என்றாலும் மறுப்பதில்லை. ஆனால் நாற்பது வயதைக் கடந்த கணவனும் மனைவியும், பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டில் இருக்க, தாங்கள் இருவர் மட்டும் மூன்று நாள் எங்கேனும் போய் இளைப்பாறி வரப்போவதாகச் சொன்னால், கேட்பவர் முகம் மாறுகிறது. “இந்த வயதில் என்ன தேனிலவு?” என்று வேடிக்கையாகக் கேட்பவர் உண்டு. வாய்விட்டுக் கேளாமல் மனத்துக்குள் கேட்டுக்கொள்பவரும் உண்டு. புறப்பட்டுப் போகிறவர்களின் நெஞ்சிலும் அக்கேள்வி இருக்கத்தான் செய்கிறது. பேருந்தில் ஏறி அமர்ந்த பிறகும், தகாத ஒன்றைச் செய்கிறோமோ என்ற உறுத்தல் அவர்களை விடுவதில்லை.

இது சிறிய கேள்வியன்று. குடும்பம் என்பது யாது, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எத்தகைய கடன்பட்டவர்கள், ஒருவருடைய ஓய்வின் சுமையை வேறொருவர் தாங்க வேண்டியிருந்தால் அந்த ஓய்வு நேரியதாகுமா என்னும் வினாக்கள் எல்லாம் இதனுள் அடங்கியுள்ளன. தென்மாவட்டத்தாராகிய நமக்கு இளைப்பாறுதல் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் குற்றாலம். ஆதலின் குற்றாலத்தையே கண்முன் நிறுத்தி இதனைச் சிந்திப்போம்.

சாரலும் சுற்றமும்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கிய சில நாள்களில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் நின்று அம்மழையைத் தடுத்துவிடுவதால், ஆனி, ஆடி மாதங்களில் நெல்லைச் சீமையின் சமவெளி காய்ந்து கிடக்கும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயோ அந்த மதிலில் திறந்து வைத்த வாயிலாக அமைந்திருக்கிறது. அவ்வழியே குளிர்ந்த காற்றும் தூறலும் நுழைகின்றன. உதகையும் கொடைக்கானலும் உயரத்தால் குளிர்ந்தவை. குற்றாலம் மலையடிவாரத்தில் இருந்துகொண்டே காற்றாலும் நீராலும் குளிர்கிறது. சிற்றாறு மலைமேலிருந்து இறங்கும் வழியில் தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் பேரருவியாகவும் வீழ்கிறது. ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் ஆகியனவும் அருகருகே உள்ளன. திரிகூட ராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குறவஞ்சியால் இம்மலை தமிழர் நெஞ்சில் நிலைபெற்றது. ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தை இங்கேயே கழித்து 1954இல் மறைந்தார். இராஜாஜியும் கல்கியும் அவருடைய விருந்தினராக வந்து, கவிதையும் நல்லுணவுமாக நாள்களைக் கழித்துச் சென்ற ஊர் இது.

குற்றாலத்துக்கு நம் மக்கள் போகும் முறை தனிச்சிறப்புடையது. தனியே போவோர் குறைவு. ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, அத்தை, மாமா, சித்தி, கொழுந்தனார், பிள்ளைகள் என இருபது பேர் போவார்கள். புளியோதரையும் தயிர்ச்சோறும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவார்கள். இரண்டு மூன்று நாள் தங்குவதாக இருந்தால் வாடகைக்கு வீடு எடுத்து, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைப்பாரும் உண்டு. இதில் உள்ள மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆண்டு முழுதும் முகம் பாராத உறவினர் ஒரே அருவியின்கீழ் நனைகிறார்கள். பழைய மனத்தாங்கல்கள் சில அங்கேயே கரைந்துபோகின்றன. ஆயினும் இருபது பேர் கூடிய அந்தக் கூட்டத்தில் கணவனும் மனைவியும் ஐந்து நிமிடம் தனித்துப் பேசிக்கொள்வது அரிது. அவர்கள் தாயாக, தகப்பனாக, மருமகளாக, மூத்த மகனாக அங்கே இருக்கிறார்கள். கணவனாகவும் மனைவியாகவும் இருப்பதற்கு நேரம் வாய்ப்பதில்லை.

மறுப்பின் வலிமை

இருவர் மட்டும் போவதை மறுப்பவர்களின் நியாயத்தைக் குறைக்காமல் எடுத்துரைப்பதே முறை. அவர்கள் கூறுவன மூன்று.

முதலாவது, தமிழ்க் குடும்பம் இருவரால் மட்டும் ஆனதன்று என்பது. திருவள்ளுவர் இல்வாழ்வானைப் பிறர்க்குத் துணையாக நிற்பவன் என்றே அறிமுகம் செய்கிறார். மறைந்த முன்னோர், இறைவன், விருந்தினர், உறவினர் என அவன் பேண வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறார். பெற்றோரை மதித்துப் பேண வேண்டும் என்பது நாம் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த நான்காம் கட்டளை. மூட்டுவலியால் அவதியுறும் தாயை வீட்டில் விட்டு அருவியில் குளிக்கப் போவது எப்படி அறமாகும்?

இரண்டாவது, பணம். விடுதி வாடகை, பயணம், உணவு என மூன்று நாளில் செலவாகும் தொகை ஓர் ஏழைப் பிள்ளையின் ஓராண்டுக் கல்விக்கு உதவக்கூடும். இல்லாதவர் வாசலில் நிற்க, இருப்பவர் இன்பம் தேடிப் போகலாமா?

மூன்றாவது, பிள்ளைகள். இரவில் விழித்துக்கொண்டு அம்மா எங்கே என்று அழும் குழந்தைக்கு யார் விடை சொல்வது?

இவற்றுள் ஒன்றையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கடமையை உணர்ந்தவர்களே இப்படிக் கேட்பார்கள். ஆனால் வள்ளுவர் தரும் அந்த வரிசையை இன்னும் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் ஐவர் இருக்கக் காண்கிறோம். ஐந்தாவதாக அவர் வைத்திருப்பது இல்வாழ்வான் தன்னையே. பேணப்பட வேண்டியவர்களுள் தானும் ஒருவன் என்கிறார் அவர். நால்வரை நினைவில் வைத்து ஐந்தாமவனை மறப்பது நம் வழக்கமாகிவிட்டது. இல்லறத்தில் ‘தான்’ என்பது ஒருவன் மட்டுமன்று, இருவர் சேர்ந்த ஒன்று என்பதையும் எண்ணும்போது, அந்த ஐந்தாம் கடமையின் பொருள் விரிகிறது.

இருவராய் இருத்தல்

நம் பழந்தமிழ் மரபு இதில் நம்மைவிடத் தாராளமாக நடந்துகொண்டது. அகத்திணை மரபு மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூடலையும், வயல்நிலமாகிய மருதத்துக்கு ஊடலையும் உரிப்பொருளாக்கியது. வயல்வெளி ஊர்களில் அன்றாடம் ஊடிக்கொண்டிருப்பவர்கள் மலையடிவாரத்துக்கு வந்து மனம் கூடுகிறார்கள் என்றால், அது மரபுக்குப் புறம்பான செயலன்று. அதனினும் தெளிவான சான்று தொல்காப்பியக் கற்பியலில் உள்ளது. இல்லறம் நடத்துவோர் ஊரெல்லையைக் கடந்து சென்று, ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ்தல் அவர்களுக்கு உரியதே என்பது அங்குள்ள ஒரு நூற்பாவின் கருத்து. மறைந்து சந்திக்கும் காதலரைப் பற்றிய களவியலில் இது இடம்பெறவில்லை. மணவாழ்வின் இலக்கணத்தைக் கூறும் கற்பியலில் இடம்பெற்றிருக்கிறது. தேனிலவு என்ற சொல் தமிழுக்கு வருமுன்பே, ஊர் எல்லை கடந்த ஓய்வை இல்லறத்தின் உரிமையாக நம் முன்னோர் எண்ணியிருக்கின்றனர்.

திருவிவிலியமும் இதனைச் சட்டமாகவே தருகிறது. புதிதாக மணம் முடித்தவனைப் போருக்கு அனுப்பக்கூடாது, வேறு பொதுப்பணி எதையும் அவன்மேல் சுமத்தக்கூடாது, ஓராண்டு அவன் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சிறிய மக்களினத்துக்குப் போர் என்பது வாழ்வா சாவா என்னும் போராட்டம். அத்தகைய நெருக்கடியிலும் ஒரு மனைவியின் மகிழ்ச்சிக்காக ஒரு வீரனை விட்டுக்கொடுக்கச் சமுதாயம் அணியமாய் இருந்தது. மணஉறவைக் காப்பதும் நாட்டைக் காக்கும் பணிகளுள் ஒன்று என்ற எண்ணம் அச்சட்டத்தின் அடியில் இருக்கிறது.

நெருக்கடிக்கு நடுவே இளைப்பாறிய இணை ஒன்றை ஜப்பானிய வரலாற்றிலும் காண்கிறோம். 1866ஆம் ஆண்டு, சாகாமோட்டோ ரியோமா என்னும் அரசியல் போராளி தங்கியிருந்த விடுதியை எதிரிகள் இரவில் சூழ்ந்துகொண்டார்கள். ஓரியோ என்னும் பெண் அதனை முன்னதாக உணர்ந்து எச்சரித்ததால் அவர் உயிர் தப்பினார். கைகளில் காயம்பட்ட அவர், ஓரியோவைத் தம் மனைவியாக உடன் அழைத்துக்கொண்டு தெற்கே கிரிஷிமா மலைப்பகுதியின் வெந்நீரூற்றுகளுக்குச் சென்றார். இருவரும் குளித்தனர், மலையேறினர். அந்த மலையேற்றத்தைப் படமாக வரைந்து தம் தமக்கைக்குக் கடிதமும் எழுதினார் ரியோமா. ஜப்பானியர் பலர் அதனையே தம் நாட்டின் முதல் தேனிலவு என்று கூறி மகிழ்கின்றனர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ரியோமா கொலையுண்டார். நாடே கொந்தளித்த அவ்வேளையில் வெந்நீரூற்றில் கழித்த நாள்களை வீண் என்று யாரால் கூற முடியும்? அவ்விருவர்க்கும் வாய்த்த அமைதியான காலம் அவ்வளவே.

நம்மில் பெரும்பாலோர்க்கு வாளேந்திய எதிரி இல்லை. நம் மணவாழ்வை அரிப்பவை சிறியவை. எரிவாயு உருளை பதிவு செய்தாயிற்றா, பள்ளிக்கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, வீட்டுக்கடன் தவணை போயிற்றா, அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதா என்பன போன்ற வினாக்களே அவை. இவை வேண்டாத பேச்சுகள் அல்ல. இவையின்றி வீடு நடவாது. ஆயினும் பத்தாண்டுகள் இவையே பேசப்பட்டால், கணவனும் மனைவியும் ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் இரண்டு கணக்கர்கள் ஆகிவிடுகிறார்கள். கணக்கு பிழையின்றி இருக்கும்; கணக்கெழுதுபவர் ஒருவரையொருவர் அறியார்.

குற்றாலத்தில் செய்வதற்கு அதிகமாக ஒன்றுமில்லை என்பதே அதன் பெரும்பேறு. காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல். இடையில் பசியெடுத்துச் சாப்பாடு, நல்ல உறக்கம், ஐந்தருவிச் சாலையில் ஒரு நடை. கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விலை கேட்கலாம். குரங்கு பறித்துக்கொண்டு போகாதபடி பையைப் பிடித்துக்கொள்ளலாம். வேறு வேலை இல்லை. இவ்வாறு வேலையின்றி இருவர் எதிரெதிரே அமரும் முதல் நாளில், பேச ஒன்றுமில்லாத ஒரு வெறுமை தோன்றுவதுண்டு. அது சற்று அச்சமூட்டுவது. பலர் அந்த அச்சத்தைத் தவிர்ப்பதற்காகவே கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார்கள். அதனைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இரண்டாம் நாள் வேறுவிதமாக விடிகிறது. எப்போதோ நின்றுபோன பேச்சொன்று தானே தொடங்குகிறது. இறந்துபோன தாயைப் பற்றி அவர் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறார். படிக்க விரும்பிக் கைவிட்ட படிப்பைப் பற்றி இவர் பேசுகிறார். மன்னிக்கப்படாமலே மறக்கப்பட்டிருந்த ஒன்று மன்னிக்கவும் படுகிறது. வீட்டில் இதற்கெல்லாம் இடமில்லாமல் போனது அன்பு குறைந்ததால் அன்று. ஓய்ந்திருக்கும் பொழுது இல்லாததால்.

பொங்குமாங்கடல் கற்பிப்பது

பேரருவியை அண்ணாந்து பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் நீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. பாறையின் நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த குழியில் முதலில் விழுகிறது. அங்கே நிறைந்து, கொந்தளித்து, வேகம் தணிந்து, பின்னரே வழிந்து கீழே நிற்பவர்மேல் பரவுகிறது. அக்குழி இல்லையெனில் அந்த வீழ்ச்சியின்கீழ் குழந்தையும் முதியவரும் நிற்க இயலாது.

கணவன் மனைவி உறவு குடும்பத்தின் பொங்குமாங்கடல் எனலாம். வேலையிழப்பு, நோய், அவமானம், கடன் என வாழ்வு மேலிருந்து வீழ்த்தும் வேகத்தை முதலில் தாங்க வேண்டியது அவ்வுறவே. அதற்கு ஆழம் இருந்தால் அந்த வேகம் அங்கே தணிந்து, பிள்ளைகளையும் பெற்றோரையும் மெல்லத் தொடும். ஆழம் தூர்ந்துபோனால் எல்லா அடியும் நேரே பிள்ளைகளின் தலையில் விழும். பெற்றோரிடையே எழும் சிறு சினத்தையும் பிள்ளைகள் முழு வேகத்தில் ஏற்க நேர்வதை நாம் எத்தனை வீடுகளில் காண்கிறோம்! எனவே இருவர் மூன்று நாள் தனித்திருப்பதால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உரியதைத் திருடுகிறார்கள் என்ற மறுப்பு நிலைபெறாது. அவர்கள் தூர் எடுக்கப் போகிறார்கள். தூர் எடுக்கும் காலத்தில் கேணியில் தண்ணீர் இறைக்க இயலாது என்பதற்காக யாரும் அதனைத் தூர் எடுக்காமல் விடுவதில்லை.

குற்றாலம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. இருவராக வருகிறவர்கள் அருவிக்கரையை அடைந்ததும் பிரிந்தே ஆக வேண்டும். பெண்கள் குளிக்கும் பகுதி வேறு, ஆண்கள் குளிக்கும் பகுதி வேறு. ஜப்பானின் வெந்நீரூற்று ஊர்களிலும் இன்று பெரும்பாலும் இதுவே முறை. வாயிலில் தொங்கும் இரண்டு துணித்திரைகளின் முன் கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். அருவியின்கீழ் நிற்கும் அந்த அரைமணி நேரம் ஒருவர் இன்னொருவருக்கு மனைவியாகவோ கணவனாகவோ நிற்பதில்லை. பேச்சு காதில் விழாது. கண்ணைத் திறக்க இயலாது. நீரின் ஓசை மட்டுமே உண்டு. ஒவ்வொருவரும் தனியே இறைவன் முன் நிற்பதுபோல நிற்கிறார்கள். பின்னர் ஈரத்தலையோடு திரும்பி வந்து ஒருவரையொருவர் கூட்டத்தில் தேடுகிறார்கள். ஒட்டிக்கொண்டே இருப்பதன்று உறவு. பிரிந்து போய், ஒவ்வொருவராக நிறைந்து, தேடி வந்து சேர்வதும் உறவே. மனைவிக்குத் தனியே ஒரு பொழுதைத் தர அஞ்சும் கணவன், அவளோடு சேர்ந்து ஓய்வதற்கும் கற்றுக்கொள்ள மாட்டான்.

‘நீ’ என்ற சொல்லுள் யார் யார்?

இதுவரை கூறியதோடு நிறுத்திக்கொண்டால் நம் சிந்தனை பாதியில் நின்றதாகும். ஓய்வு நல்லது, இருவர் ஓய்வும் நல்லது. ஆனால் அந்த ஓய்வை யார் உழைத்துத் தருகிறார்கள்?

ஓய்வுநாள் கட்டளை இதற்கு வழிகாட்டுகிறது. இணைச்சட்ட நூல் 5ஆம் அதிகாரத்தில் அக்கட்டளை, நீ, உன் மகன், உன் மகள், உன் அடிமைகள், உன் மாடு, உன் கழுதை, உன்னோடு வாழும் அந்நியன் என்று ஓய்வுக்குரியவர்களை எண்ணிக்கொண்டே போகிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் ஓய்வுபெற வேண்டும் என்று காரணமும் கூறுகிறது. பிறரை உழைக்க வைத்துத் தான் மட்டும் ஓய்வது ஓய்வே ஆகாது என்பது அதன் கருத்து. அந்தப் பட்டியலில் ஒரு வியப்பு உண்டு: மனைவி என்ற சொல் அதில் இல்லை. ‘நீ’ என்பதனுள் அவளும் அடங்குவாள் என்று விளக்கம் கூறுவர். அவ்விளக்கம் நம் வீடுகளில் உண்மையாக இருக்கிறதா?

நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்ப்போம். ஊதியமில்லா வீட்டுவேலைகளில் நாள்தோறும் ஈடுபடுவோர் பெண்களில் 100க்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். அவ்வாறு ஈடுபடும் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம் உழைக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். விடுமுறைப் பயணத்திலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. புறப்படுமுன் துணி மடித்துப் பெட்டி அடுக்குபவர் யார்? விடுதிக் குளியலறையில் ஈரத்துணியைப் பிழிந்து உலர்த்துபவர் யார்? திரும்பி வந்ததும் குவிந்த அழுக்குத் துணியோடும் பூட்டிக் கிடந்த அடுக்களையோடும் போராடுபவர் யார்? கணவனின் ஓய்வு மனைவியின் கூடுதல் வேலையாக முடியுமானால், அந்தப் பயணத்தில் ஓய்ந்தவர் ஒருவரே. இருவர் ஓய்வு என்று அதனை அழைக்க நமக்கு உரிமையில்லை. ‘நீ’ என்ற சொல்லுள் மனைவியையும் சேர்க்க விரும்பும் கணவன், பெட்டி அடுக்குவதிலிருந்தே அதனைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, வீட்டில் இருப்பவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியோ அத்தையோ இல்லாமல் இப்பயணம் நடவாது. அவர் தம் வாழ்நாளில் தம் கணவரோடு தனியே எங்கும் போயிருக்க மாட்டார். பலருக்கு அப்படி ஒரு பேறு உண்டு என்பதே தெரிந்திராது. அவர் தரும் மூன்று நாளை உரிமையாக எடுத்துக்கொள்ளாமல், கடனாக ஏற்பதே நேர்மை. கடனைத் திருப்பித் தரும் வழியும் உண்டு. நாம் போய்வந்த பின், முதிய பெற்றோர் இருவரையும் அதே சாரலுக்கு அனுப்பி வைக்கலாம். அல்லது தம்பியும் தம்பி மனைவியும் போய்வர, அவர்கள் பிள்ளைகளை நாம் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கடுத்து, நாம் அறியாத முகங்கள். ‘சீசன்’ என்று நாம் மகிழும் நாள்கள், குற்றாலத்தில் பிழைப்போர்க்கு மிகுந்த உழைப்பின் நாள்கள். அறையைப் பெருக்கித் துடைப்பவர், அதிகாலையில் தோசைக்கல்லின் முன் நிற்பவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், ஆட்டோ ஓட்டுபவர் ஆகியோர்க்கு அந்த மாதங்களில் விடுப்பு எடுப்பது எளிதன்று. நாம் கவலையின்றி நீரின்கீழ் நிற்பதற்காகக் கரையில் வேறொருவர் கவலையோடு நிற்கிறார். 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும்போது குளிப்பதற்குத் தடை விதிக்கும் காவலர்களிடம், இவ்வளவு தூரம் வந்தோமே என்று நாம் சண்டையிடுகிறோம். நம் மகிழ்ச்சியைக் கெடுப்பவராக அவரைக் காணும் கண், நம் பிள்ளையைக் காப்பவராகக் காணத் தவறுகிறது.

திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியே தென்காசிக்குப் போகும் சாலையைச் சூழ்ந்த ஊர்களில், பெண்கள் வீட்டில் அமர்ந்து பீடி சுற்றுவதைக் காணலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணித் தரப்படும் கூலி அது. சுற்றாத நாளுக்குக் கூலி இல்லை. ஓய்வுக்கும் ஊதியத்தோடு கூடிய விடுமுறைக்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்ற எண்ணத்தை 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைச் சாற்றுரை தன் 24ஆம் பிரிவில் ஏற்றது. ஊதியத்துடன் கூடிய விடுமுறையை அது உரிமையாகவே கூறுகிறது. அந்த உரிமை குற்றாலத்துக்கு ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் உள்ள அந்தப் பெண்ணை எட்டவில்லை. துணிக்கடையில் நாள் முழுதும் நின்றே வேலை பார்க்கும் பெண்ணுக்கு உட்கார ஓர் இருக்கை தரவேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. ஓய்வு இன்னும் சிலரின் சலுகையாகவே இருக்கிறது.

இதனைக் கேட்டு, அப்படியானால் யாரும் ஓய்வு கொள்ளலாகாது என்று முடிவு கட்டுவது தவறு. பசித்தவர் இருக்கிறார் என்பதற்காக உணவு தீயதாகிவிடாது; பகிராத உணவே தீயது. ஓய்வும் அத்தகையதே. நாம் நுகர்ந்த ஓய்வு, நம்மை அடுத்தவர் களைப்பைக் காணச் செய்கிறதா, காணாதபடி கண்ணை மூடுகிறதா என்பதுதான் உரைகல். ஓய்ந்து திரும்பிய தலைவி, தன் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்கு ஊதியத்தோடு விடுமுறை தர நினைப்பாளாயின், அவள் ஓய்வு கனி தந்தது. ஓய்ந்து திரும்பிய கடைக்காரர், தம்மிடம் பணிபுரியும் இளைஞன் புதிதாக மணம் முடித்தவன் என்பதை நினைவுகூர்ந்து அவனுக்கு நான்கு நாள் தருவாராயின், இணைச்சட்ட நூலின் அப்பழைய விதி நம் தெருவில் உயிர்பெற்றது.

செய்யத்தக்கவை

பணத்தைப் பற்றிய மறுப்புக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. இருவர் ஓய்வுக்கு விலையுயர்ந்த விடுதி இன்றியமையாததன்று. குற்றாலத்தில் அருவி எல்லார்க்கும் பொது. செல்வர்க்கென்று அது தனியே குளிர்வதில்லை. அங்கே போகவும் இயலாதவர்க்கு ஊர்க் குளக்கரை உண்டு, மொட்டைமாடி உண்டு, மாலைப்பொழுது உண்டு. வேண்டுவது இரண்டே: வேலையைப் பற்றிப் பேசாத நேரம், அந்த நேரத்தை அவர்களுக்குக் காத்துத் தரும் ஒரு துணை.

அந்தத் துணையாக நாம் ஒருவருக்கொருவர் இருக்கலாம். நம் அன்பியங்களில் நோயுற்றோரைச் சந்திக்கிறோம், இறந்தோர் வீட்டில் செபிக்கிறோம். மாதம் ஒருநாள் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளையோ படுக்கையில் உள்ள முதியவரையோ இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டு, அந்த இணையை வெளியே அனுப்பி வைப்பதையும் ஒரு பணியாக ஏற்றால் என்ன? படுக்கையில் உள்ள தாயை ஆண்டுக்கணக்காகப் பேணிவரும் இணையர்க்கு, அறிவுரையைவிட அந்த ஒரு நாள் பெரிய உதவி. மணவிழாவில் பரிசுப்பொருள் தருவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. இருபதாண்டு கழித்து அவர்கள் களைத்திருக்கும்போது தரப்படும் ஒரு நாள், அப்பரிசுகள் எல்லாவற்றினும் மேலானதாக இருக்கும்.

போகின்றவர்களும் சிலவற்றை மனத்தில் கொள்வது நல்லது. பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போகலாம். ஒளித்துச் செய்யப்படும் நற்செயலும் குற்றம்போல் தோன்றும். பிள்ளைகளிடமும், அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கப் போகிறோம் என்று உண்மையைச் சொல்லலாம். பெற்றோர் ஒருவரையொருவர் விரும்பித் தேடுகிறார்கள் என்பதை அறிவதைப் போலப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புத் தருவது வேறில்லை. அருவிக்கரையில் சோப்பையும் ஷாம்பூ உறையையும் நெகிழிப் பையையும் விட்டுவராமல் இருப்பது நமக்குப்பின் வருவோர்க்கு நாம் காட்டும் மரியாதை.

குற்றாலத்தில் நம்மை நனைத்த நீர் அங்கேயே தங்குவதில்லை. சிற்றாறாக ஓடித் தென்காசி வட்டாரத்து வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரவருணியில் கலக்கிறது. அருவியில் குளித்தவர் அறியாத ஓர் உழவரின் நாற்றங்காலையும் அதே நீர் நனைக்கிறது. இருவர் பெற்ற ஓய்வும் இவ்வாறே வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் ஓடிச் சேருமாயின், இல்லறத்தார்க்கு ஓய்வு அறமாகுமா என்ற வினாவுக்கு ஆகும் என்றே துணிந்து விடை சொல்லலாம். அத்தகைய ஓய்வை நாமும் கொள்வோம். கொள்ள இயலாதவர்க்கு அதனைத் தேடித் தருவோம்.